ஒரு விரற்கடைக் கம்பி

முதலில் முன்ஃபோர்க்கைக் கழற்றினேன்.
அதன் ஸ்பிரிங் எப்போதோ உப்பில் இறுகிவிட்டது.
குழியில் இறங்கினால் தவளைபோல் ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.
கல்லடியில், கடல் கேட்கும் ஒரு வீட்டின் பின்சுவரில்
ஏழு வருசம் தொங்கிய மவுண்டன் பைக்.
ஆறாயிரம் சொன்னார்கள், நாலரைக்குத் தந்தார்கள்,
சாவி தொலைந்த பூட்டோடு.

காத்தான்குடியில் றம்ஸீனின் கடையில்
பச்சை நிறத்தில் ஓர் இரும்பு ஃபோர்க் கிடந்தது.
எந்தச் சைக்கிளின் கால் என்று அவருக்கே தெரியாது.
"இதைப் போட்டா கை நோகும் தங்கச்சி."
நோகட்டும்.
"ஆட்டுக்கொம்பு ஹேண்டில் றேஸ் சைக்கிளுக்கெல்லோ?"
இதுவும் றேசுக்குத்தான்.
"எந்த றோட்டுல?"
றோட்டில் இல்லை என்றேன்.
ஸ்பனரைக் கீழே வைத்தார்.

சொன்னேன்:
சேறு, மணல், வரம்பு.
மிதிக்க முடியாத இடத்தில் குதித்திறங்கி
சைக்கிளைத் தோளில் போட்டு ஓடவேண்டும்.
அந்தப் பக்கம் போனதும்
நிற்காமலே ஏறவேண்டும்.

கொஞ்சநேரம் தாடியைத் தடவினார்.
"அப்ப பாரத்தைக் குறைக்கணும்."
கரியர் போனது. ஸ்டாண்ட் போனது.
மட்காட் இரண்டும் போயின.
தோள் நுழையட்டும் என்று தண்ணீர்ப் போத்தல் கூடும் போனது.
மணியில் கைவைத்தவர் விட்டுவிட்டார்.
"மாடு நிக்கும்."

பிறேக்கில்தான் வழக்கு வந்தது.
கொம்பு ஹேண்டிலின் லீவர் இழுத்துத் தரும் கம்பி கொஞ்சம்,
பழைய பிறேக் கட்டைகள் கேட்கும் கம்பி அதிகம்.
நடுவில் ஒரு விரற்கடை.
அந்த விரற்கடைக்குள் என் நான்கு மாலைகள் விழுந்தன.
கட்டையை நெருக்கினால் றிம்மில் உரசியது,
விலக்கினால் பிடிக்கவில்லை.
வலையிறவுப் பாலத்து இறக்கத்தில்
செருப்பு இரண்டாலும் நின்றேன் ஒருநாள்.
வலது செருப்பு அதோடு முடிந்தது.

ஐந்தாம் நாள், தையல் மெசின் ஒன்றிலிருந்து
இரட்டைக் கப்பி எடுத்துவைத்திருந்தார் றம்ஸீன்.
சின்ன வட்டத்தில் நுழைந்து
பெரிய வட்டத்தால் வெளியேறியது கம்பி,
போகும்போது கொஞ்சம் நீளமாகி.
"காசு வேணாம், ஓடிட்டு வந்து சொல்லு."
மிஞ்சிய இடது செருப்பை அறுத்து
தோளில் படும் குழாய்க்குச் சுற்றினேன்.

போயா நாள். விடிய மழை விட்டிருந்தது.
படுவான்கரை வட்டையில் நெல் முழங்கால் உயரம்.
வரம்பு உடைந்த இடத்தில் இறங்கி, தூக்கி,
சேறு காலைத் தர மறுக்க மறுக்க ஓடி, ஏறினேன்.
முதல் தடவை சீற்றுக்குப் பதில் கம்பியில் விழுந்தேன்.
அதை எழுதுவதாக இல்லை.

"என்ன புள்ள, காத்துப் போயிட்டா?"
மண்வெட்டியோடு ஒருவர்.
இல்லையண்ணன், சும்மா.
இரண்டாம் சுற்றில் அவரோடு இன்னும் இரண்டு பேர்.
ஒருவர் ட்ரக்டரில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.
வட்டவிதானை குடையை மடக்கிக்கொண்டு கேட்டார்:
"நீ சைக்கிள்ள போறியா,
சைக்கிள் உன்னில போகுதா?"
மூச்சு இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் சுற்றில் உடைப்பு இல்லை.
குறுக்கே ஒரு தென்னங்குற்றி போட்டு
கல் அணைத்து, மிதித்தும் பார்த்து
நான்கு பேரும் ஒதுங்கி நின்றார்கள்,
கலியாணப் பந்தலுக்கு வழிவிடுகிற மாதிரி.
"இனி இறங்கத் தேவையில்ல, ஏறியே போ."

எப்படிச் சொல்வது,
நான் அந்த உடைப்புக்காகத்தான் வந்தேன் என்று.
ஏறியே போனேன்.
குற்றி உருண்டது, உருளவில்லை,
மணி தானாக அடித்தது,
அக்கரையில் சக்கரம் பட்டதும் கைதட்டினார்கள்.

தலை நிமிர்ந்தால் வரம்பை நிறைத்து ஓர் எருமை.
இரண்டு லீவரையும் இழுத்தேன்.
தையல் மெசினின் கப்பி சுழன்றது.
நின்றது சைக்கிள்,
அதன் மூக்குக்கும் என் டயருக்கும் ஒரு முழம் விட்டு.

மணி அடித்தேன்.
எருமை அசைபோட்டது.
பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.
இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டேன்.